பிளேட்டுக்கு ஏன் எலும்புப் பூச்சு இல்லை?

அண்ணை, வணக்கம். 2009 போரில் செல் (எறிகணை) பட்டு அம்மாவின் தொடை எலும்பு முறிந்தது. அப்போது போட்ட உலோகப் பிளேட் இன்னும் உள்ளே இருக்கிறது. இப்போது அதே பக்கம் இடுப்பு மூட்டு மாற்ற வேண்டுமாம். எலும்பு மாதிரிப் பூச்சுப் பூசிய மூட்டு எலும்போடு பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். அந்தப் பிளேட்டுக்கு ஏன் பூசவில்லை? பூசிய மூட்டைத்தான் கேட்க வேண்டுமா?

வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி,

பிளேட்டின் வேலை முறிவு பொருந்தும் வரைதான். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விடுவார்கள். சீழ் பிடித்தாலோ, இப்படி இன்னொரு சத்திரசிகிச்சை வந்தாலோ கழற்ற வேண்டும். எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தால் கழற்றும்போது எலும்பும் சேர்ந்து உடையலாம். அதனால் பெரும்பாலும் பூசுவதில்லை. மூட்டு அப்படியல்ல, கடைசிவரை உள்ளேயே இருந்து பாரம் தாங்க வேண்டியது.

பூச்சு என்பது ஹைட்ரொக்சிஅபடைட் என்ற கல்சியம் பொஸ்பேற். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வகைத் தாதுதான். (வயலுக்குப் போடும் எப்பாவலப் பொஸ்பேற்றும் இதே குடும்பம்.) சாந்து பிடிக்கச் சுவரைக் கொத்துவது போல, மூட்டின் டைட்டேனியம் உலோகத்தை முதலில் கரடாக்குவார்கள். பிறகு 10,000 பாகை வரை சூடேறும் பிளாஸ்மாச் (மின்னேறிய வாயு) சுவாலைக்குள் தாதுத்தூளை ஊதி அடிப்பார்கள். அரைகுறையாக உருகிய மணிகள் உலோகத்தில் மோதிச் சப்பையாகி ஒட்டும். தடிப்பு பொதுவாக 0.2 மில்லிமீற்றருக்குள். இடுப்பு மூட்டில் 1980களின் நடுவிலிருந்தே இது இருக்கிறது. சிக்கலும் அந்தச் சூட்டில்தான்: ஒரு பகுதி சிதைந்து, உடம்புக்குள் சீக்கிரம் கரையும் வேறு சேர்வைகளாகிவிடும். ஜப்பானில் கொகுபோ என்ற ஆய்வாளரின் குழு அந்தச் சூடே இல்லாமல், குருதி நீரின் உப்புகள் கொண்ட கரைசலில், உடல் வெப்பத்திலேயே, பதப்படுத்திய உலோகத்தின் மேல் இதே தாதுவை வளர்த்துக் காட்டியது.

சரி, பூசியது மேலா? சுவீடனின் இடுப்பு மூட்டுப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வுகளில் பூசிய மூட்டு கூடுதல் காலம் நின்றதாகத் தெரியவில்லை. அம்மாவின் எலும்பு மெலிந்திருந்தால் வைத்தியர் எலும்புச் சீமெந்து (மூட்டை எலும்பில் இறுக்கும் பசை) வைத்தே பொருத்தலாம், அதற்குப் பூச்சு வேண்டியதில்லை. நானென்றால் பூச்சுக்காக நகையை அடகு வைக்க மாட்டேன்.

வைத்தியரிடம் முதலில் கதைக்க வேண்டியது பழைய காயத்தைப் பற்றி. சீழ் வடிந்ததா, வடிந்ததென்றால் எவ்வளவு காலம், எப்போது ஆறியது, செல்துண்டு ஏதும் உள்ளே கிடக்கிறதா? பழைய கிருமி அந்த உலோகத்தில் பதுங்கியிருந்தால் பூசியதோ பூசாததோ எந்த மூட்டும் பழுதாகும். கழற்றிச் சோதித்து, அப்புறம்தான் புது மூட்டு. அந்தக் காலத்து எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டுபோங்கள். வன்னியில் அனேகமானோரிடம் இல்லை, 2009 அப்படி. இல்லையென்றால் அம்மாவிடம் ஆறுதலாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.