தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறான், சாக்லேட்டே தருவதில்லை. அப்படியும் என் மகனுக்குச் சொத்தைப் பல் வருவது ஏன்?

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பையனுக்கு நான்கு பல்லில் சொத்தை, வீட்டுக்குள் சாக்லேட்டையே விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். சாக்லேட் தராத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் அதிகமாகச் சொத்தை பார்த்திருக்கிறேன்.

நான் பல் டாக்டர் இல்லை. வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வேன் ஓட்டுகிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பி.எஸ்சி. வேதியியல் முடித்தவன். அப்புறம் ஏன் வேன் என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். ஒரு பிள்ளை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் என்ன சாப்பிடுகிறது என்பதை அம்மாவும் பார்ப்பதில்லை, டீச்சரும் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். தலைக்கு மேல் அதற்கென்றே கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அநேகமாக இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். காலையில் பையனுக்கு டிபன் இறங்காது. ஒரு டம்ளர் மால்ட் பாலைக் குடிக்க வைத்து, கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து, "வேன்ல சாப்பிட்டுக்கோ" என்று ஏற்றி விடுகிறீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும். என் வேனில் ஏறுகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. எட்டு வயது. போன வருஷம் கீழ்க் கடைவாயில் வலி என்று ராத்திரியெல்லாம் அழுதாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "பால் பல்லுதானே, தானா விழுந்துடும்" என்றது அம்மா. கிராம்பை வை என்றது பக்கத்து வீடு. அக்கா மட்டும் நேராக என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் கண்ணுலயே காட்டறதில்ல. நீதான்டா வேன்ல சாக்லேட் குடுத்துக் கெடுக்கற." யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கும், எனக்கும் ஒன்று வரும். எங்கள் வேனின் சாக்லேட் வரலாறு அவ்வளவுதான்.

காலை டிரிப் முடிந்த கையோடு இரண்டு பேரையும் கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தைகள் பிரிவில் மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சாக்லேட் சாப்பிடுவாளா என்று அவர் கேட்கவே இல்லை. "காலைல எழுந்ததுல இருந்து தூங்கற வரைக்கும், தண்ணியைத் தவிர வாயில என்னென்ன போகுது, வரிசையா சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா ஜம்மென்று சொன்னாள். பால், டிபன், மதியம் சாதம், ராத்திரி இட்லி. முடிந்தது. அந்த இடத்தில் பாப்பாவே "அம்மா, வேன்ல பிஸ்கட்" என்று எடுத்துக் கொடுத்தது. மீதியை நான் சொன்னேன். ஷார்ட் ப்ரேக்கில் கப் கேக். லன்ச் டப்பாவின் மூலையில் பேரீச்சம்பழம். சாயங்காலம் அட்டைப்பெட்டி மாம்பழ ஜூஸ், அதை ஸ்ட்ராவில் கொஞ்சம் கொஞ்சமாக வீடு வருகிற வரை உறிஞ்சுவாள். டியூஷனில் காலையில் மிச்சம் வைத்த பிஸ்கட். ஹிந்தி கிளாஸில் கடலை மிட்டாய். படுக்கும்போது மறுபடியும் மால்ட் பால், குடித்ததும் அப்படியே தூக்கம். டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அக்கா என்னைப் பார்த்து, "நீ யார் பக்கம்டா?" என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை.

விஷயம் என்னவென்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் பல்லில் படிகிற படலத்தில் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்தால் லாக்டிக் அமிலம் சுரக்கும். இட்லி மாவு ராத்திரியில் புளிக்கும்போது உண்டாவதும் இதே அமிலம்தான். அமிலம் கூடக் கூட பிஎச் என்ற அளவு குறையும். பல்லின் மேல் அது சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான மேல் ஓட்டில், இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் வந்து அமிலத்தைச் சமப்படுத்தி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லில் படிய வைக்கும். அதற்கு அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் உள்ளே போனால் திரும்பவும் முதலில் இருந்து. அக்கா மகளின் பல்லுக்கு நாள் முழுக்க அந்த அரை மணி நேரம் கிடைக்கவே இல்லை. தூக்கத்திலோ எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும், அந்த நேரம் பார்த்து மால்ட் பால்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1940களில் சுவீடனில் வீபேஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மருத்துவமனையில் நோயாளிகளை வைத்தே சோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே ஒட்டுகிற டாஃபியை மென்றுகொண்டே இருந்தவர்களுக்கு மளமளவென்று ஏறியது. பாவம், அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அத்தனை பேர் பல்லைப் பறிகொடுத்துச் சொன்ன பாடம், இன்னும் நம் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு வந்து சேரவில்லை.

அளவு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அதற்குச் சண்டைக்கு வராதீர்கள். ஒரு நாளின் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஜூஸில் இருக்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் அளவையாவது சிலர் பார்க்கிறார்கள், எத்தனை தடவை என்பதை யாரும் பார்ப்பதில்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு சாக்லேட்டைத் தின்று தண்ணீர் குடிக்கிற பிள்ளையைவிட, காலையில் இருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கொறிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். பிஸ்கட் மாவு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு லேசில் போகாது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என்று மாற்றிவிட்டோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாக்டீரியாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

அக்காவின் கணவர், என் மாமா, தர்மபுரிக்காரர். ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டால் பல் பழுப்பாகிவிடும் என்று வீட்டில் சேர்க்கவே மாட்டார். ஊரில் அப்படிப் பல்லைப் பார்த்து வளர்ந்தவர், பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே பிரச்சினை நிலத்தடி நீரில் இயற்கையாகவே கூடுதலாக இருக்கும் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சென்னையில் இருக்கிற பிள்ளை பட்டாணி அளவு பேஸ்டில் தேய்த்துத் துப்பினால் ஒன்றும் ஆகாது, துப்பிய பிறகு வாயைக் கொப்பளிக்காமல் விடுவதுகூட நல்லது என்று டாக்டர் சொன்னார். உங்கள் பையனின் பேஸ்ட் டியூபைத் திருப்பிப் பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட பேஸ்டுகளில் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால் சரி.

அதற்குப் பிறகு என் வேனில் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். எறும்புத் தொல்லையும் குறைந்தது என்பது வேறு விஷயம். மறுநாளே ஓர் அம்மா போன் செய்து, "ஏன்ணா, பிள்ளை பசியோட போகணுமா?" என்று கேட்டார். பத்து நிமிஷம் முன்னால் எழுப்பி இரண்டு இட்லி கொடுங்கள், வேண்டுமானால் வாசலில் நின்று காத்திருக்கிறேன் என்றேன். ஒரு வீட்டில் வேறு வேனுக்கே மாறிவிட்டார்கள். இதே ஆட்கள்தான் ஏப்ரல் வந்தால், "மே மாசம் ஸ்கூல் இல்லையே, எதுக்குப் பணம்?" என்பார்கள். வேன் டியூ, இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. செலவு எதுவும் மே மாதம் லீவு எடுப்பதில்லை. கோடையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சண்டை போடாமல் எனக்கு ஜூன் பிறப்பதில்லை. கேள்வியை விட்டு எங்கேயோ போகிறேன், தெரிகிறது.

பள்ளி வாசலில் மிட்டாய் விற்கிறவரையும் எல்லாரும் திட்டுகிறார்கள். பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியே போட்டது. விதி நல்ல விதிதான். ஆனால் அவரிடம் பிள்ளை ஐந்து ரூபாய்க்கு எப்போதாவது வாங்குகிறது. வீட்டில் இருந்து வருகிற டப்பாவுக்கு எந்த ஆணையமும் விதி போட முடியாது. அதில் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை என்று வைக்கலாம். பழமென்றால் ஜூஸாக்காமல் நறுக்கி வையுங்கள். ராத்திரி பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சர்க்கரை, மால்ட் இல்லாமல், பல் தேய்ப்பதற்கு முன்னால் கொடுங்கள்.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பாப்பாவுக்கு வலித்தது பால் பல்லே இல்லை. ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற கடைவாய்ப் பல். அது நிரந்தரப் பல், போனால் திரும்ப வராது. நல்லவேளை, சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பக்கமும் பள்ளங்களை மூடி சீலண்ட் பூசினார்கள். பால் கடைவாய்ப் பற்களில் இருந்த ஓட்டைகளையும் விடவில்லை. அவை பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று, அடியில் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டுமாம்.

உங்கள் பையனுக்கும் அந்த வயதுதான். இன்றைக்கு ராத்திரி வாயைத் திறக்கச் சொல்லி, போன் டார்ச் அடித்து, கீழே இரண்டு பக்கமும் கடைசிப் பல்லின் பள்ளத்தைப் பாருங்கள். கறுப்புக் கோடோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டோ தெரிந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்கே போகலாம். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பையன் என்னென்ன சாப்பிடுகிறான் என்ற பட்டியலை அவனையே எழுதச் சொல்லிக் கையோடு கொண்டு போங்கள்.