தீப்பற்றாத மக்னீசியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மக்னீசியத்துடன் ஒரு சதவீத அளவில் கால்சியம் சேர்த்தாலே அது எளிதில் தீப்பற்றாது என்று எழுதியிருந்தீர்கள். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எந்திரப் பட்டறையின் மேற்பார்வையாளன். ஆக்சைடு தன் உலோகத்தைவிடக் குறைந்த இடத்தை அடைத்தால் அது காக்காது என்று படித்திருக்கிறேன். ஆக்சைடு அடைக்கும் இடத்தை உலோகம் அடைத்த இடத்தால் வகுத்தால் வரும் அந்த விகிதம் மக்னீசியத்துக்கு 0.81, கால்சியத்துக்கோ 0.64. ஓட்டைக் குடையின் மேல் இன்னொரு ஓட்டைக் குடையைப் பிடித்தால் மழை நிற்குமா? மேலும், ‘தீப்பற்றாத ரகம்’ என்று எங்களுக்கு வந்த வார்ப்பைக் கடைந்தபோது சென்ற மாதம் சீவல் தொட்டி பற்றிக்கொண்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

க., சென்னை

அன்புள்ள க.,

நீங்கள் சொல்லும் விகிதம், ஒரு தூய உலோகத்தின் மேல் அதன் ஆக்சைடு மட்டும் வளரும்போது பொருந்துகிற கணக்கு. கலப்புலோகத்தில் நடப்பது வேறு. ஆக்சிஜன்மேல் மக்னீசியத்தைவிடக் கூடுதல் நாட்டமுள்ள கால்சியம், உருகிய உலோகத்தின் மேற்பரப்பில் வந்து சேர்ந்து, மக்னீசிய ஆக்சைடின் துகள்களுக்கு இடையில் மெல்லியதாகப் படிந்து இடுக்குகளை அடைக்கிறது. உங்கள் குடைகளின் ஓட்டைகள் ஒரே இடத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, உள்ளே வரும் காற்றை மட்டுமல்ல, வெளியேறும் உலோக ஆவியையும் அந்த ஆக்சைடுத் தோல் தடுக்க வேண்டும். மக்னீசியம் 650 டிகிரியில் உருகி 1090 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருகும் நிலையிலேயே கணிசமாக ஆவியாகும். பள்ளி ஆய்வகத்தில் மக்னீசிய நாடா கண்கூச எரிந்ததே, அங்கே எரிந்தது பெரும்பாலும் இந்த ஆவிதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார்ப்பகத்தில், கால்சியம் சேர்க்காத மக்னீசியத்தை உருக்கிய மூசையின் (உருக்கும் கலத்தின்) மேல், காற்று படாமல் காக்கும் காப்பு வாயுவைக் கொஞ்ச நேரம் நிறுத்தியபோது, சாம்பல் நிறத் தோலைப் பிளந்துகொண்டு காலிஃபிளவர் போல வெள்ளைக் கொப்புளங்கள் முளைத்ததையும், ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கனல் தெரிந்ததையும் பார்த்தேன். கால்சியம் சேர்த்த பக்கத்து மூசையில் கரண்டியால் தோலை விலக்கினால், வெள்ளி நிறம் ஒரு கணம் தெரிந்து மீண்டும் மூடிக்கொண்டது. காப்பு வாயுவாகப் பயன்பட்டுவந்த சல்பர் ஹெக்சாஃபுளூரைடு கரியமில வாயுவைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவது என்பதால், அதன் தேவையைக் குறைக்கும் கால்சியத்தின் பெரிய பயன் வார்ப்பகத்தில்தான் என்பது என் எண்ணம்.

பெரிலியமும் உதவும், ஆனால் அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த வழக்கமான மக்னீசியக் கலவையான ஏஇசட் 91-இல் அதைப் பத்து லட்சத்தில் 5 முதல் 15 பங்கு வரைதான் சேர்ப்பார்கள். கூடினால் உலோகத்தின் மணிகள் (நுண்படிகங்கள்) பெருத்துவிடும், பெரிலியத்தின் தூசியோ நுரையீரலுக்கு நஞ்சு. யிட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடுக்கு உங்கள் விகிதமே 1.13 என்பதால் அது இன்னும் நல்ல காவலன். சுமார் 4 சதவீத யிட்ரியம் கொண்ட கலப்புலோகங்கள் எரிசோதனைகளில் தேறிய பிறகே, விமான இருக்கைகளில் மக்னீசியத்துக்கு இருந்த தடை 2015-இல் தளர்ந்தது. விலைதான் இடிக்கும். கால்சியம் மலிவு, ஆனால் அளவு மிஞ்சினால் வார்ப்பு இறுகும்போதே விரிசல் விடும், அச்சிலும் ஒட்டிக்கொள்ளும்.

இனி உங்கள் சீவல் தொட்டி. ‘தீப்பற்றாத’ என்பது விற்பவரின் சொல். கலப்பினால் பற்றும் வெப்பநிலை உயரும், அவ்வளவுதான். கட்டியாக இருக்கும்போது சூட்டை உடல் முழுதும் பரப்பிவிடும் உலோகம், மெல்லிய சீவலானதும் பரப்பு பெருகி, சூடு போக வழியின்றி நிற்கிறது. வெட்டுளி மழுங்கியிருந்து உலோகத்தை வெட்டாமல் உரசிக்கொண்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். நீர் கலந்த குளிர்விப்பானில் நனைந்த சீவலை மூடி வைத்தால் ஹைட்ரஜன் சேரும் என்பதால், சீவலை உலர்வாக, அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். தீ வந்தால் தண்ணீர் கூடவே கூடாது. கரியமில வாயு அணைப்பானும் பயன்படாது, மக்னீசியம் அதிலும் எரியும். நன்கு உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று விற்கும் பொடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அந்த வார்ப்போடு வந்த சோதனைச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். அதில் கால்சியமோ யிட்ரியமோ எத்தனை சதவீதம் என்ற வரியே இல்லையென்றால், உங்களுக்கு வந்தது சாதாரண ஏஇசட் 91 ஆகவும் இருக்கலாம்.