ஜப்பானிய எழுத்துகளை மனத்தில் பதிக்க நினைவுக் கதைகள் உண்மையிலேயே உதவுமா?

உதவும்; ஆனால் அந்தக் கதைகளை நாமே நம் மொழியில் கட்டிக்கொள்ள வேண்டும். நான் முதலில் ஆங்கிலவழிப் படப் புத்தகம் ஒன்றை வைத்து, ஜப்பானியரின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிராகானாவைப் படித்தேன். எழுத்தைக் கண்டதும் படம் நினைவுக்கு வரும். படத்துக்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேடி, அதன் முதல் ஒலியைப் பிரித்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும். பிறகு தமிழுக்கு மாறினேன். ஹிராகானாவின் 'இ' என்ற எழுத்தில் இரண்டு கோடுகள் எதிரெதிரே நிற்கின்றன. 'இரண்டு' என்ற சொல்லே அதன் ஒலியைத் தந்துவிடுகிறது. 'கு' குருவியின் திறந்த அலகு. 'கொ' படுத்திருக்கும் இரண்டு கோடுகள் (குறில் நெடில் வேறுபாட்டை இங்கே மன்னித்துவிட்டேன்). 46 எழுத்துகளுக்கும் இப்படி அமையவில்லை. அமையாதவற்றை எழுதி எழுதியே படித்தேன்.

எழுத்துகளின் வரிசைக்கோ நமக்குக் கதையே தேவையில்லை. அ, இ, உ, எ, ஒ என்று உயிர் தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று அது செல்கிறது. ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதால், ங, ஞ, ட, ண, ல போன்றவற்றை நீக்கிய நம் வரிசைதான் இது. பௌத்தத்துடன் சென்ற இந்திய எழுத்து மரபின் தாக்கம் அது.

கதைகளின் உண்மையான பயன், சீனத்திலிருந்து வந்து பொருளைக் குறிக்கும் எழுத்துகளான காஞ்சியில்தான் தெரிகிறது. 2010ஆம் ஆண்டின் அரசுப் பட்டியலில் பொதுப் பயன்பாட்டுக்கு 2136 காஞ்சிகள் உள்ளன. அவற்றில் காத்திருத்தல், கையில் வைத்திருத்தல், சாமுராய் ஆகிய மூன்றையும் நான் பல வாரங்கள் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், ஏனெனில் மூன்றின் வலப்பக்கத்திலும் 'கோயில்' என்னும் ஒரே உறுப்பு நிற்கிறது. அங்கே பௌத்தக் கோயிலைக் குறிக்கும் அதை நம் ஊர்க் கோயிலாக்கிய பிறகு குழப்பம் தீர்ந்தது: இடப்பக்கம் நடையைக் குறிக்கும் உறுப்பு வந்தால் தரிசன வரிசையில் காத்திருக்கிறோம், கை வந்தால் தேர்வடத்தைப் பிடித்திருக்கிறோம், மனிதன் வந்தால் கோயிலைக் காத்து நிற்கும் சாமுராய்.

ஆனால் இந்தக் கதை பொருளைச் சொல்லுமே தவிர, காத்திருத்தல் 'மட்ஸு' என்றும் வைத்திருத்தல் 'மொட்ஸு' என்றும் ஒலிப்பதைச் சொல்லாது. ஒலிக்கும் சேர்த்துக் கதை புனைய முயன்று நான் வீணாக்கிய நேரம் கொஞ்சமல்ல. அதற்குச் சொற்களையே படிக்க வேண்டும். எழுத்துக்குள் ஒலி உறுப்பு இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நீலத்தைக் குறிக்கும் காஞ்சியோடு நீர் சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானிலை. சீன வழி வந்த ஒலிப்பில் மூன்றுமே 'ஸேய்'.

பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் இன்னொரு ஒலியெழுத்தான காத்தாகானாவில் ஒன்றுபோலத் தோன்றும் 'ஷி', 'ட்ஸு' இரண்டுக்கும் எந்தக் கதையும் எனக்குப் பலிக்கவில்லை. 'ஷி'யின் கடைசிக் கோடு கீழிருந்து மேலேறுகிறது, 'ட்ஸு'வின் கோடு மேலிருந்து இறங்குகிறது என்பதைப் பேனா பிடித்து எழுதியபோதுதான் கை தெரிந்துகொண்டது.