வெளிக்கூண்டுக் கினிப்பன்றிகளும் குளிர்காலமும்: முதலில் அந்த ஷீட்டை அவிழ்த்துவிடுங்கள்

கேள்வி: ஓர் ஆண், ஐந்து பெண் என ஆறு கினிப்பன்றிகளை வீட்டுக்கு வெளியே மரக்கூண்டில் வளர்க்கிறேன். இப்போது இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்குகிறது. சில நாள் உறைநிலைக்கே போய், பாட்டில் தண்ணீர் கட்டியாகி நிற்கிறது. குளிர் உள்ளே போகக் கூடாதென்று கூண்டின் நாலு பக்கமும் கனமான பாலித்தீன் ஷீட் கட்டி, உள்ளே ஒரு 60 வாட் பல்பு எரியவிட்டிருக்கிறேன். தரையில் மரத்தூள். காலையில் பார்த்தால் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. பத்து நாளாக இரண்டு தும்முகின்றன. ஒன்று சினை, இன்னும் மூன்று வாரத்தில் ஈனலாம். இன்னும் என்ன செய்து சூடு ஏற்றுவது?

பதில்: சூடு ஏற்றும் வேலை அப்புறம். ஷீட்டில் கோத்திருக்கும் அந்த நீர்தான் உங்கள் தும்மலுக்குக் காரணமாக இருக்கக் கூடும். ஆறு பிராணிகள் இரவெல்லாம் விடும் மூச்சும், பெய்யும் மூத்திரமும் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் ஷீட்டில் பட்டுக் குளிர்ந்து, சொட்டாகித் திரும்பவும் படுக்கையிலேயே விழுகின்றன. பல்பு அந்த ஆவியைக் கூடுதலாகக் கிளப்பிவிடுகிறது. மூத்திரம் சிதைந்து வரும் அம்மோனியா வேறு தரையோடு தரையாகத் தேங்கி நிற்கிறது. நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால் வாடை தெரியாது. விடிந்ததும் கதவைத் திறந்த கையோடு குனிந்து, கினிப்பன்றியின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கண் கரித்தால், ராத்திரி முழுக்க அவை அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கின்றன. அம்மோனியா சுவாசக்குழாயின் உள்தோலை அரித்துவிட்டால், அதுவரை சும்மா இருந்த கிருமியும் நுரையீரலுக்கு இறங்கிவிடும். நன்றாகப் போர்த்திய உலர்ந்த கினிப்பன்றி ஓரளவு குளிரைச் சமாளிக்கும். ஈரப் படுக்கையில் கிடப்பதற்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஆகவே இன்றைக்கே ஷீட்டை மேலிருந்து ஒரு கை அகலத்துக்கு, அதாவது 8 முதல் 10 செ.மீ. வரை, இரண்டு நீளப் பக்கங்களிலும் இறக்கிக் கட்டுங்கள். ஈரக்காற்று மேலாக வெளியேற வேண்டும். ஊதக்காற்று கீழே, அவை படுக்கும் மட்டத்தில் வீசக் கூடாது. இந்த இரண்டும் வேறு வேறு. காற்றோட்டத்தையும் ஊதக்காற்றையும் ஒன்றென்று நினைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடுவதுதான் குளிர்காலத்தில் அதிகம் நடக்கும் தவறு. பகலில் வெயில் இருந்தால் ஷீட்டை முழுவதும் சுருட்டிவிடுங்கள்.

பல்பையும் எடுத்துவிடுங்கள். காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் சூடான பல்பு இருப்பது தீப்பிடிக்க வழி. ஒயர் எட்டினால் கடித்துவிடும். இரவு முழுக்க வெளிச்சம் இருந்தால் தூக்கமும் கெடும். இதையெல்லாம் விட, மின்சாரம் போகும் இரவை யோசித்துப் பாருங்கள்: சூட்டுக்குப் பழகிய பிராணி நடுச்சாமத்தில் சட்டென்று குளிரில் விடப்படும். சீரான குளிரை விட இந்த ஏற்ற இறக்கம்தான் அவற்றை அதிகம் படுத்தும்.

கூண்டு முழுவதையும் சூடாக்க நினைக்காதீர்கள், அது முடியாத காரியம். உள்ளே ஒரு சின்ன படுக்கைப் பெட்டி வைத்து, அவற்றின் உடம்புச் சூட்டையே அதில் தேக்குவதுதான் வழி. ஆறுக்கு இரண்டு பெட்டிகள் போதும். மூன்று படுக்க 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் இருந்தால் சரி. பெரிதாகச் செய்தால் காற்றைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு இரண்டு வாசல்கள் வேண்டும். ஒன்றே இருந்தால் அதிகாரம் செய்கிற பிராணி வாசலில் படுத்துக்கொண்டு மற்றவற்றை வெளியே நிறுத்திவிடும். ஆனால் எதிரெதிரே வைத்தால் காற்று ஊடுருவிப் போகும். காற்று வராத பக்கத்திலேயே இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று வையுங்கள். சினைப்பெட்டை சிரமமில்லாமல் நுழைய 15 செ.மீ. அகலம் தேவை.

தரையில் முதலில் செய்தித்தாள் பத்துத் தாள், அதன்மேல் மூன்று விரற்கடை மரச்சீவல். தூளாக இருக்கும் மரத்தூள் வேண்டாம், அதன் தூசியே தும்மலைக் கிளப்பும். தேவதாரு, பைன் போன்ற பிசின் வாடை வீசும் மரங்களின் சீவலும் ஆகாது. சீவலுக்கு மேல் பெட்டியின் முக்கால் பாகம் வரை மென்மையான உலர்புல்லை உதிர்த்துத் திணித்துவிடுங்கள். அவையே குடைந்து பள்ளம் செய்துகொள்ளும். வைக்கோலின் தண்டு உள்ளே கூடாக இருப்பதால் சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் விறைப்பான நுனி கண்ணில் குத்தும். அதனால் வைக்கோலைப் பெட்டியைச் சுற்றியும் மேலும் அணைத்து வையுங்கள், உள்ளே உலர்புல் மட்டும். துணி, கம்பளி போட்டால் மூத்திரத்தை உறிஞ்சிச் சவசவவென்று ஆகிவிடும். பிரிந்த நூல் காலில் சுற்றும்.

தினமும் காலையில் அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தால் தொடாமல் விடுங்கள். நமுத்திருந்தால் நனைந்த பகுதியை அள்ளிவிட்டு இரண்டு கைப்பிடி புதுப்புல் சேருங்கள். மூத்திரம் பெய்வதற்கென்று பெரும்பாலும் ஒரு மூலையை வைத்துக்கொள்ளும், அந்த மூலையைத் தினமும் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. கடுங்குளிர் நாளில் எல்லாவற்றையும் வழித்துக் கழுவ வேண்டாம். அவை சேர்த்து வைத்த சூடு போய்விடும், கழுவிய பலகையும் காயாது.

கூண்டின் கால்கள் தரையிலிருந்து 30 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். கூண்டின் முதுகு காற்று வரும் திசைக்கு, கூரை முன்பக்கம் 15 செ.மீ. நீட்டலாக. சுவருக்குத் தெர்மாகோல் வைப்பதானால் இரண்டு பலகைகளுக்கு நடுவே மறைத்து வையுங்கள், கண்ணில் பட்டால் கொறித்துவிடும். இரவில் முன்பக்க வலைக்கு மட்டும் தார்ப்பாய் தொங்கவிடலாம், மேலே அதே இடைவெளியோடு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உறைநிலைக்குப் போகிற இடத்தில் வெளிக்கூண்டு கினிப்பன்றிக்கு ஏற்றதல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பிராணி, குளிர் தாங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மலைக்காரர்கள் அதை வளர்த்ததே வீட்டுக்குள், சமையலறையில், அடுப்பின் அணைப்பில். முயல் வளை தோண்டும், இது தோண்டாது; குளிர்கால உறக்கமும் கிடையாது. அதற்கு இதமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை. படுக்கும் மட்டத்தில் 15க்குக் கீழே தொடர்ந்து போனால் கொட்டிலுக்கோ பயன்படாத அறைக்கோ மாற்றுங்கள். உயர்ந்தபட்ச, குறைந்தபட்ச அளவைக் காட்டும் வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்கு அருகே வைத்தால் ஊகம் தேவையில்லை. மாற்றினால் குளிர் முடியும் வரை அங்கேயே இருக்கட்டும்; இரவில் உள்ளே, பகலில் வெளியே என்று தினமும் தூக்கித் திரிவது கெடுதல். வண்டி நிறுத்தும் கொட்டகை மட்டும் வேண்டாம். இன்ஜின் புகை சின்ன நுரையீரலைச் சீக்கிரம் கொன்றுவிடும்.

மாற்றும்வரை ஒன்றிரண்டு இரவுக்கு வெந்நீர் பாட்டில் உதவும். தடித்த துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடம் வேண்டும். ஆறியதும் எடுத்துவிட வேண்டும். சில்லிட்ட பாட்டில் எதிர்வேலை செய்யும், உடம்புச் சூட்டை அது உறிஞ்சும்.

தண்ணீர் பாட்டிலில் முதலில் உறைவது குழாய்நுனிதான். பாட்டிலில் தண்ணீர் தளும்பும், நுனியில் உருண்டை ஒட்டிக்கொண்டு சொட்டு வராது. விரலால் உருண்டையைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பாட்டில்கள் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் மாற்றுங்கள். பாட்டிலுக்குப் பழைய காலுறை மாட்டலாம், கூடவே கனமான பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் வையுங்கள். உறையாமலிருக்க உப்புப் போடுவது தவறு. தண்ணீர் குடிக்காத பிராணி தீனியையும் குறைத்துவிடும், அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கும்.

ஏனென்றால் குளிர்காலத்தில் அதற்கு உலை வயிறுதான். நார்த்தீனி பெருங்குடல் பையில் நொதிக்கும்போது உண்டாகும் சூடு இரவெல்லாம் உடம்பைக் காக்கிறது. உலர்புல் எப்போதும் தீராமல் இருக்கட்டும். மாலையில் ஒரு பெரிய கட்டு புதிதாக வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததையோ மக்கிய வாடை அடிப்பதையோ படுக்கைக்கும் போடாதீர்கள். கடையில் விற்கும் குச்சித்தீனியை (பெல்லட்) கூட்டிச் சூடு ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம், அதைத் தின்றுவிட்டுப் புல்லை விட்டுவிடும். பச்சைக்கீரையில் மிச்சத்தை இருட்டுமுன் எடுத்துவிடுங்கள், உறைந்த இலை வயிறு உப்ப வைக்கும்.

வைட்டமின் சி அதன் உடம்பில் தானாக உண்டாகாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. தேவை, சினைக்கும் நோயுற்றதற்கும் மேலளவு. சிவப்புக் குடைமிளகாயில் 25 கிராம் துண்டு ஏறத்தாழ 30 மி.கி. தரும். தண்ணீரில் கலந்தால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும், ருசி மாறினால் குடிக்கவும் மறுக்கும். குச்சித்தீனி தயாரித்து மூன்று மாதம் ஆகியிருந்தால் அதிலுள்ள வைட்டமினை நம்பாதீர்கள். இது குறைந்தால் மூட்டு வீங்கும், நடக்கச் சோம்பும், எதிர்ப்புச்சக்தி விழும்.

இனி அந்த இரண்டு தும்மல்காரர்கள். முன்னங்கால்களின் உள்பக்க முடியைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே முடி திரிதிரியாக ஒட்டியிருந்தால் சளி இறங்குகிறது என்று பொருள். மூக்கோரம் பொறுக்கு, கண்ணில் பீளை, மூச்சு வாங்கும்போது விலா குழிவது, காதில் வைத்துக் கேட்டால் கரகர சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடிய நோயல்ல இது. முகம் கழுவும்போது கண்ணிலிருந்து பால்போல ஒரு திரவம் வரும், அது இயல்பு, பயந்துவிடாதீர்கள்.

சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள், நோய்ப்பட்டதைத் தினமும். 900 கிராம் இருப்பது 50 கிராம் இறங்கினால் கவனம், 90 இறங்கினால் அவசரம். தும்மும் இரண்டையும் சேர்த்தே பிரித்து வையுங்கள்; தனித்தனியாக வைத்தால் குளிரில் ஒண்டக் கூட்டு இருக்காது. முயல் இருந்தால் பக்கத்தில் வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத போர்டெட்டெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியா கொண்டுவரும்.

மருந்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் போன்றவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். அவை குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழிக்க, நஞ்சு உண்டாக்கும் கிருமி பெருகிச் சில நாளில் பிராணி செத்துவிடும். தும்மலுக்கு மருந்து கொடுத்தேன், கழிச்சலில் போய்விட்டது என்பார்கள், காரணம் இதுதான்.

சினைப்பெட்டை விஷயத்தில், ஆணை ஈனுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினையாகும், பாலும் கொடுத்துச் சினையும் சுமந்து குளிரையும் தாங்க அதனால் முடியாது. பிரித்த ஆணுக்குப் பக்கத்துக் கூண்டில் இருமடங்கு புல் போட்ட சின்னப் பெட்டி கொடுங்கள், ஒண்டிக்கு உடம்புச் சூடு போதாது. மற்ற நான்கு பெட்டைகளும் இதுவரை அதனோடுதான் இருந்திருக்கின்றன, அவையும் சினையாக இருக்கலாம். குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் 60 முதல் 100 கிராம் எடையில் பிறக்கும். பார்க்கத் தேறினதுபோல் தெரிந்தாலும் அந்த எடைக்குச் சூடு நிற்காது. தாய் நக்கிக் காயவைக்காமல் விட்ட குட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, உங்கள் கைக்குள் பொத்திச் சூடேற்றிப் பெட்டியில் விடுங்கள். ஈனும் நாட்களில் எப்படியும் வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

காலையில் ஒன்று சுருண்டு அசையாமல், காதும் பாதமும் சில்லென்று கிடந்தால் செத்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். உலர்ந்த துணியில் சுற்றி உங்கள் மார்போடு அணையுங்கள், துணி சுற்றிய வெதுவெதுப்பான பாட்டிலை ஒரு பக்கம் வையுங்கள். வெந்நீரில் முக்குவதும் அடுப்பருகே காட்டுவதும் கூடாது, மெதுவாகத்தான் சூடேற வேண்டும். உடம்பு சில்லென்று இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். தலை தூக்கி நின்ற பிறகு புல்லைக் காட்டுங்கள். அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்றுவிடக் கூடும், ஆகவே எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக வலை. குளிரில் எலி தீனிக்கும் கதகதப்புக்கும் கூண்டைத் தேடி வரும், குட்டியைக் கடித்தும் போடும். கோழிவலை போதாது, அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையைத் தரைப்பலகையின் அடியிலும் அடியுங்கள். அதன்மேல் பலகை இருக்க வேண்டும், வெறுங்கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். மேலே நீங்கள் புதிதாக விடும் காற்று இடைவெளிக்கும் அதே வலைதான். தாழ்ப்பாளுக்கு ஒரு கொக்கியும் சேர்த்துவிடுங்கள், பூனையும் கீரியும் திருகுகட்டையைத் தள்ளித் திறந்துவிடும்.