யாருடைய இடத்தில் நான் ஏறினேன்?

அன்புள்ள சார்,

பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெர்ரி கப்பல் கம்பெனி 2022-ல் ஒரே நாளில் 786 கப்பல் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். மலிவான ஆளைத் தேடித் தேடியே பிரிட்டன் தன் தொழில்களை இழந்தது என்று முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். 22 வருஷம் கப்பலில் ஓடினேன். கடைநிலை மாலுமியான ஓஎஸ்ஸாகச் சேர்ந்து, தேர்ந்த மாலுமியான ஏபி ஆகி, டெக் ஆட்களுக்குத் தலைவரான போசனாக இறங்கினேன். நீங்கள் சொல்லும் அந்த மலிவான ஆள் நான்தான். ஒருமுறை ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் சைன் ஆன் செய்ய, அதாவது கப்பலில் வேலைக்குச் சேரப் போனோம். நாங்கள் கேங்வே படியில் ஏறும்போது பழைய ஆட்கள் பையோடு இறங்கினார்கள். வழக்கமான ரிலீவிங், முறைப்படி ஆள் மாறுவது என்றுதான் நினைத்தேன். அவர்களில் வயதான ஒருவர் என் முகத்தையே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர்களுக்கு இனி அந்தக் கம்பெனியிலேயே வேலை இல்லை என்பது ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன், வீடு கட்டினேன். நான் யாருடைய இடத்தில் ஏறினேன்? அது திருட்டா?

அப்புறம் இன்னொன்று. நம் தறிகளை முடக்கித்தானே அவர்கள் மான்செஸ்டரை வளர்த்தார்கள்? அவர்கள் தொழில் போனதற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

என் மகன் மாலுமிப் பயிற்சியான ஜிபி ரேட்டிங் கோர்ஸ் முடித்து, கப்பலில் சேரத் தேவையான சிடிசி புத்தகமும் வாங்கிவிட்டான். ஏஜென்சி கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறான். அனுப்பலாமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

திருட்டு இல்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 'மலிவான ஆள்' என்று எழுதியிருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு தவறானது என்று உறைத்தது. புயலில் டெக்கில் நிற்கும் ஏபி தூத்துக்குடியிலிருந்து வந்தாலும் இங்கிலாந்தின் டோவரிலிருந்து வந்தாலும் இழுக்கிற கயிறு ஒன்றுதான். கூலியை இரண்டாகப் பிரித்து வைத்தது வேறு யாரோ. அது யார், எப்போதிலிருந்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. முந்தைய கட்டுரையில் அதை விட்டுவிட்டேன்.

2022 மார்ச் 17 அன்று நடந்ததை, அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே பதிவு செய்த ஒரு வீடியோவில், இன்றோடு உங்களுக்கு வேலை இல்லை என்று அறிவித்தார்கள். ஆட்களை இறக்குவதற்குக் காவலர்கள் கரையில் தயாராக நின்றார்கள். ஹல் துறைமுகத்தில் 'பிரைட் ஆஃப் ஹல்' கப்பலின் கேப்டன் கேங்வேயைத் தூக்கிவிட்டு யாரையும் ஏறவிடாமல் சில மணி நேரம் தடுத்தார். ஒரு வாரம் கழித்து கம்பெனியின் தலைமை நிர்வாகி பீட்டர் ஹெபிள்த்வெய்ட் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தார். தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும் என்று சட்டம் சொல்வது தெரியும், எந்தச் சங்கமும் ஒப்புக்கொள்ளாது என்பதால் பேச வேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்தோம் என்றார். புதிய ஆட்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு என்றும் சொன்னார். அன்றைக்கு பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி 8.91 பவுண்டு.

அந்த 5.50 சட்டத்துக்கு உட்பட்டது. இதைத்தான் நாம் இருவரும் நின்று கவனிக்க வேண்டும். ஆலோசிக்காமல் நீக்கியதுதான் சட்டமீறல், கூலியில் மீறல் எதுவும் இல்லை. ஆங்கிலக் கால்வாயில் ஓடிய அந்தக் கப்பல்களை 2019-லேயே சைப்ரஸ் கொடிக்கு மாற்றியிருந்தார்கள். மற்ற சில கப்பல்களில் பஹாமாஸ் கொடி. கொடி வெளிநாடு, ஆள் எடுப்பது வெளிநாட்டு ஏஜென்சி, பயணம் இரண்டு நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே. டோவரிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் பிரான்சின் கலேவுக்குப் போய்வரும் கப்பலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி அப்போது செல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஐஎல்ஓ, அதாவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குதான் கடைசி வேலி. அந்த வருஷத் தொடக்கத்தில் அது ஏபிக்கு மாதம் 641 டாலர் அடிப்படைச் சம்பளம்.

நீக்கப்பட்டவர்களில் பலர் இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு என்று இருந்தவர்கள். வீட்டில் இருக்கும் நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. வந்தவர்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம், தொடர்ந்து பல வாரம். சைன் ஆஃப் செய்துவிட்டு அடுத்த காண்ட்ராக்டுக்காக ஊரில் காத்திருக்கும் மாதங்களில் வீடு எப்படி ஓடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த இரட்டைக் கூலி 2022-ல் அந்தக் கம்பெனியின் துபாய் முதலாளிகள் கண்டுபிடித்தது இல்லை. பி அண்ட் ஓ 1837-ல் தொடங்கிய கம்பெனி. தபால் ஒப்பந்தத்தில் வளர்ந்து இந்தியாவுக்கும் கிழக்குக்கும் சாம்ராஜ்யத்தின் பாதையாகவே ஆனது. அந்தக் கப்பல்களின் அடிவயிற்றில் கரி அள்ளிப்போட்டவர்களிலும் டெக்கைக் கழுவியவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். லஸ்கர் என்பார்கள். ஒரே கப்பலில் வெள்ளைக்கார மாலுமிக்கு ஒரு ஒப்பந்தம், லஸ்கருக்கு வேறொன்று. கூலி மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. படுப்பதற்கு விட வேண்டிய இடத்தைக்கூட லஸ்கருக்குக் குறைத்துத்தான் சட்டமே எழுதியிருந்தது. 1939-ல் போர் தொடங்கியதும் லண்டன், கிளாஸ்கோ, லிவர்பூல் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள், இந்தக் கூலிக்குக் குண்டுவீச்சுக்குள் போக மாட்டோம் என்று கப்பல் ஏற மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டார்கள். கடைசியில் 25 சதவீதம் உயர்த்திக் கொடுத்தார்கள். அந்தப் போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகள் ஏறத்தாழ 6,600 பேர்.

போர் முடிந்து சாம்ராஜ்யமும் போன பிறகாவது இது மாறியிருக்கும் என்று நினைப்போம். 1976-ல் பிரிட்டன் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் வெளிநாட்டில் வேலைக்கு எடுக்கப்பட்ட மாலுமிகளுக்கு அதில் விலக்கு வைத்தார்கள். ஆளின் நாட்டைப் பார்த்துச் சம்பளம் போடலாம் என்பது முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 2011-ல் திருத்தியபோதும் முழுதாகப் போகவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. டோவர் மாலுமியைக் காக்கும் வேலியில் ஓட்டை போட்டது 2022-ல் வந்த முதலாளி என்றுதான் அங்கே பேசுகிறார்கள். அந்த ஓட்டை நூறு வருஷத்துக்கு மேலாகத் திறந்தே இருந்தது. அதன் வழியாக அதுவரை போனவர்கள் நம் ஆட்கள் என்பதால் அது ஓட்டையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்த சங்கங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. லஸ்கரை உள்ளே விடாதே என்று குரல் கொடுத்த அளவுக்கு, லஸ்கருக்கும் எங்கள் கூலியைக் கொடு என்று அவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஓட்டை அப்போதே அடைபட்டிருக்கும்.

1988-ல் டோவரிலேயே ஒரு முன்னோட்டம் நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் மார்ச் 6 அன்று 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' ஃபெர்ரி பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்தை விட்டு, முன்கதவைச் சாத்தாமலேயே கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவைச் சாத்த வேண்டிய உதவி போசன் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் போசனாக இருந்தவர், அந்தத் தூக்கம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கப்பலின் கம்பெனியை விபத்துக்குச் சற்று முன்னால்தான் பி அண்ட் ஓ வாங்கியிருந்தது. அடுத்த வருஷம் ஆளைக் குறைத்து ஷிஃப்டை நீட்ட அதே கம்பெனி திட்டம் போட்டது. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களை நீக்கியது. சங்கத்தின் சொத்தை நீதிமன்றம் முடக்கியது. 2022 அப்படி எங்கிருந்தோ திடீரென்று வரவில்லை.

இனி தறி. இங்கே உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். நம் நெசவாளர்களின் அழிவில் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வளர்ந்தது உண்மை. பின்னால் இந்தியாவும் ஜப்பானும் சொந்தமாக மில் வைத்து நெய்ய ஆரம்பித்தபோது அவர்கள் சந்தை சுருங்கியதும் நியாயமே. எப்படியும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்திருக்கும். ஆனால் சுருங்குவது வேறு, அடியோடு போவது வேறு. தானியங்கித் தறியை 1890களில் உருவாக்கிய நார்த்ராப், யார்க்‌ஷயரில் பிறந்தவர். அவர் தறி ஓடியது அமெரிக்காவில். லங்காஷயரில் பழைய தறியும் பழைய மியூல் நூற்பு யந்திரமுமே தொடர்ந்தன. முதல் உலகப்போர் முடிந்ததும் 1919-20-ல் ஒரு குட்டிச் செழிப்பு வந்தது. மில்களைக் கடன் வாங்கி ஏறிய விலைக்குக் கைமாற்றிக்கொண்டார்கள். புது யந்திரத்துக்குப் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போனது.

1950களின் கடைசியில், உலகத்துக்கே துணி விற்ற பிரிட்டன் விற்பதைவிட அதிகமாக வாங்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் மீதமிருந்த மில்கள் கொஞ்சம் புது யந்திரம் வாங்கின. போட்ட பணத்தை எடுக்க இரவும் பகலும் ஓட்ட வேண்டும். இரவில் பெண்களை வேலைக்கு வைக்கச் சட்டம் விடாது. உள்ளூர் ஆண்கள் அந்தச் சம்பளத்துக்கு இரவில் வர மாட்டார்கள். பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரின் மீர்ப்பூரிலிருந்தும் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஓல்டாமிலும் பிளாக்பர்னிலும் இரவு ஷிஃப்ட் அவர்களுடையது. அவர்கள் உழைப்பில் மில்கள் இன்னும் சில வருஷம் ஓடின. அப்புறம் வரிசையாக மூடியபோது முதலில் நின்றது பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்தான். வேலையும் இல்லாமல், எங்கள் பிழைப்பைக் கெடுத்தவர்கள் என்ற பெயரையும் சுமந்துகொண்டு அவர்கள் அந்த ஊர்களிலேயே நின்றுபோனார்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே இறங்கிய அந்தப் பெரியவரின் பார்வையை அவர்கள் வருஷக்கணக்கில் வாங்கினார்கள்.

மான்செஸ்டர் முதலாளிக்காக வருத்தப்படச் சொல்லவில்லை. வேலை போனது அவருக்கு அல்ல. ஹல்லில் இருபது வருஷம் கப்பல் சமையலறையில் நின்றவர் நம் தறியை உடைக்கவில்லை.

கப்பல் தொழிலிலும் இதே கதைதான். முதல் உலகப்போருக்கு முன்பு உலகில் கட்டிய கப்பல்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில் கட்டியவை. 786 பேரை நீக்கிய கம்பெனி கால்வாய்க்காக வாங்கிய புதுக் கப்பல் 'பி அண்ட் ஓ பயனீர்' சீனாவின் குவாங்சோவில் கட்டியது. கொடி போய், ஆள் போய், கப்பல் பட்டறையும் போய், பெயரில் மட்டும் பழைய கம்பெனி மிச்சம். ஆளை மாற்றிய வேகத்தில் வேலையும் கெட்டது. 'யூரோப்பியன் காஸ்வே' கப்பலை வட அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்தில் கடல் பாதுகாப்பு அதிகாரிகள் பிடித்து நிறுத்தினார்கள். புது ஆட்களுக்குக் கப்பல் பழகவில்லை, ஆவணம் சரியில்லை. 'பிரைட் ஆஃப் கென்ட்'டும் சோதனையில் தேறவில்லை. ஒரு கப்பலைக் கைக்குப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று அந்த நிர்வாகிகள் உங்களைக் கேட்டிருக்கலாம்.

2024 மே மாதம் ஹெபிள்த்வெய்ட் திரும்பவும் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்தார். குறைந்தபட்சக் கூலி அப்போது 11.44 பவுண்டு. அவர் கப்பல்களில் 4.87 அளவுக்குக் குறைந்த கூலி. அதில் உங்களால் வாழ முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார். அவர் வாங்கியது போனஸையும் சேர்த்து 5,08,000 பவுண்டு. இதற்கிடையே பிரான்சும் பிரிட்டனும் அடிக்கடி வந்துபோகும் ஃபெர்ரிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றின. பிரிட்டனின் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வருஷத்தில் 120 முறையாவது துறைமுகத்தைத் தொடும் கப்பலுக்கு, அதுவும் பிரிட்டனின் கடல் எல்லைக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும். அரைகுறைதான். ஆனாலும் அது கொடியையோ ஆளின் நாட்டையோ பார்க்கவில்லை. தூத்துக்குடி ஏபிக்கும் அதே கூலி. லஸ்கர் காலத்திலேயே எழுதியிருக்க வேண்டிய வரி அது.

உங்கள் மகனை அனுப்புங்கள். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதால் டோவரில் யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்காது. ஏஜென்சி அரசிடம் பதிவு பெற்றதா, அதற்கான உரிமமான ஆர்பிஎஸ்எல் எண் என்ன என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இடம் வாங்கித்தர யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் அவன் கையில் இருக்கட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும். முதல் சம்பளத்திலேயே சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப்-இன் இன்ஸ்பெக்டர் எண் போனில் இருக்க வேண்டும். கேங்வேயில் ஏறும்போது இறங்குபவர்களிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், ரிலீவிங்கா, வேறு ஏதாவதா என்று. அந்தப் பெரியவரிடம் நீங்கள் கேட்க முடியாமல் போனதை அவன் கேட்கட்டும். பதில் வேறு மாதிரி வந்தால், அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்யட்டும்.

அவன் முதல் கப்பல் எது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.