விசிட் விசாவில் துபாய் போனவர் ஊருக்குத் திரும்பாமல் வேலை விசாவுக்கு மாறலாமா?

கேட்டவர் கீழக்கரைக்காரர். பி.காம். முடித்த தம்பி 60 நாள் விசிட் விசாவில் துபாயின் தேரா பகுதியில் தங்கி வேலை தேடியிருக்கிறார். அக்கவுண்டன்டாக எடுத்துக்கொண்ட கம்பெனி, “நாளைக்கே சேர்ந்துவிடு, விசா அப்புறம் அடிக்கலாம்” என்கிறதாம்.

மாறலாம். அமீரகத்தை விட்டு வெளியே போகாமலே ஸ்டேட்டஸ் சேஞ்ச், அதாவது விசா வகையை மாற்றுவது, செய்ய முடியும். (சவூதி என்றால் இந்த நினைப்பே வேண்டாம், விசிட்டை இக்காமா என்னும் வேலைக்கான தங்கும் அனுமதியாக மாற்ற அங்கே வழியில்லை.) ஆனால் “நாளைக்கே சேர்ந்துவிடு” என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் கம்பெனிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டம் கடுமையாகிவிட்டது. மாட்டினால் தம்பியை ஊருக்கு ஏற்றிவிடவும் கூடும். “ட்ரெயினிங்தான்” என்று சொல்லித் தப்ப முடியாது.

முதலில் அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அது கிடைக்கும், கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு பேசிக் எவ்வளவு என்று பார்க்கணும். வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான், முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம். மொத்தம் 2,000 திர்ஹாமில் பேசிக் 800 என்றால் வருஷத்துக்கு 560 திர்ஹாம்தான் சேரும். பேசிக் 1,500 என்றால் 1,050.

கையெழுத்தானதும் வொர்க் பெர்மிட், அதன்பின் என்ட்ரி பெர்மிட் (நுழைவு அனுமதி), அடுத்து ஸ்டேட்டஸ் சேஞ்ச். இந்த மூன்றும் விசிட் நாள் முடிவதற்குள் நடக்க வேண்டும். நாள் தாண்டினால் தினம் 50 திர்ஹாம் அபராதம். அதைவிடத் தலைவலி, விசிட் எடுத்துக்கொடுத்த டிராவல்ஸ், ஆள் ஆப்ஸ்காண்ட் (தலைமறைவு) என்று புகார் கொடுத்துவிடுவது; அதை நீக்காமல் ஸ்டேட்டஸ் மாறாது. மாறிய பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி கைரேகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் 60 நாளுக்குள் முடியணும். 2022-லிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் கிடையாது, ஐடி கார்டே போதும். ஆகவே ஸ்டாம்புக்கென்று பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள கம்பெனிக்குக் காரணமே இல்லை.

விசா செலவு சட்டப்படி கம்பெனியுடையது. “பாதி நீ போடு” என்றால் அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று அப்போதே புரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் இழுத்தடிப்பது டிகிரிதான். அக்கவுண்டன்ட் பதவிக்கு அட்டெஸ்ட் செய்த, அதாவது உண்மையானது என்று அரசு முத்திரை பெற்ற, பட்டம் தேவை: சென்னையில் மாநில அரசு, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், அடுத்து அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். ஒரிஜினல் கீழக்கரை வீட்டு பீரோவில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். லேமினேட் செய்திருந்தால் முத்திரை குத்த இடமில்லை, ஷீட்டைப் பிரிக்கணும். தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் பிய்க்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அட்டெஸ்டேஷனுக்குக் காத்திருக்க முடியாமல் சில கம்பெனிகள் ஹெல்பர், கிளீனர் என்று பதவி போட்டு விசா எடுப்பதுண்டு. விசா சீக்கிரம் வரும், ஆனால் ஒப்பந்தத்தில் ஏறுவது ஹெல்பர் பதவியும் அதற்கான சம்பளமும்தான். என்னைக் கேட்டால், பத்து நாள் பிந்தினாலும் சரியான பதவியிலேயே எடுப்பது நல்லது.

பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கமிருந்து கிளம்ப நினைக்கும் சபுராளிகளுக்கும் (பிழைப்புக்கு வெளிநாடு போகிறவர்கள்) ஒன்று. பத்தாம் வகுப்பு தேறாததால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவை என்னும் குறிப்பு) இருந்தால் விசிட்டில் போய் மாறும் வழி வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு இல்லாமல் போகும். அதோடு வரும் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. வேலை விசாவை ஊரிலிருக்கும்போதே கையில் வாங்கி, எமிகிரேஷன் கிளியரன்ஸ் முடித்துவிட்டு மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுங்கள்.