தடைக்காலமும் டைமிங் செயினும்: கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகு நின்றால் மீன் வண்டிகளில் பாதி நின்றுவிடும். ராமநாதபுரத்தில் என் பட்டறைக்கு என்ஜின் பிரிக்கிற வேலை வருவது அந்த இரண்டு மாதத்தில்தான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பழைய டெம்போ, டிராக்ஸ் வண்டிகளில் ஓடும் 2.4 லிட்டர் டீசலைப் பற்றியவை. மெர்சிடிஸ் ஓஎம் 616 என்ஜினை உரிமம் வாங்கி இங்கே செய்தது அது. நாலு சிலிண்டர். கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை, வால்வுகளைத் திறந்து மூடும் மேலே உள்ள கேம் ஷாஃப்ட்டுக்குக் கடத்துவதுதான் டைமிங் செயின், இதில் அது இரட்டை வரிசை. எனக்கு நன்றாகப் பழகிய என்ஜின் என்பதால் பதிலையும் அதை வைத்தே சொல்கிறேன்.

பாம்பன், மீன் வண்டி உரிமையாளர்: அண்ணே, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் கரகரவென்று சத்தம். செயின் போச்சு என்கிறார்கள். செட் வாங்கிவிடவா?

இன்னும் வாங்காதீர்கள். ஒரு இன்ஜெக்டர் ஒழுகினாலும் டீசல் என்ஜின் கிட்டத்தட்ட இப்படித்தான் தட்டும். என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்திப் பாருங்கள். பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும், கை பத்திரம். ஏதாவது ஒன்றைத் தளர்த்தும்போது சத்தம் மாறினால் கோளாறு அந்த சிலிண்டரில். எதற்கும் மாறாமல், ஆயில் அழுத்தம் ஏறியதும் உரசல் அடங்குகிறது என்றால் செயின், அதை வழிநடத்தும் கைடு, இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றில் ஒன்று.

அப்புறம் அளக்க வேண்டும். வால்வு கவரைக் கழற்றிவிட்டு, என்ஜினை அது ஓடுகிற திசையிலேயே கையால் திருப்பி, கேம் ஷாஃப்ட்டின் குறியையும் அதைத் தாங்கும் டவரின் குறியையும் நேருக்கு நேர் கொண்டுவாருங்கள். இப்போது கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி காட்டுகிறது? புதுச் செயினில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். தேய்ந்த செயினில் கேம் பின்தங்கியிருக்கும், கிராங்க் பூஜ்யத்தைத் தாண்டிப் போயிருக்கும். 3 டிகிரி வரை நான் தொடமாட்டேன். 5ஐத் தாண்டினால் செயினுக்குப் பணம் எடுத்து வையுங்கள். குறியைத் தவறவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், முன்னாலேயே இரண்டு சுற்று போய் வாருங்கள்.

சாயல்குடி, டாடா 407: என் வண்டிக்குச் செயின் செட் என்ன விலை வரும்?

உங்கள் பணம் மிச்சம். 407-இன் 497 என்ஜினில் செயினே கிடையாது, பல்சக்கரத்தோடு பல்சக்கரம்தான். டாடா ஏஸ் பழைய டீசலில் பெல்ட். இதைப் படித்துவிட்டு, படகில் லேலண்ட் ஹினோ என்ஜின் வைத்திருக்கும் யாரும் செயின் தேடி அலைய வேண்டாம், அதுவும் பல்சக்கரம்தான்.

தொண்டி, டிராக்ஸ் பிக்கப்: 7 டிகிரி காட்டுகிறது. செயின் மட்டும் மாற்றினால் போதாதா? முழு செட் என்று கடையில் நிற்கிறார்கள்.

கடைக்காரர் சொல்வதில் பாதி வியாபாரம், பாதி நிஜம்.

செயின் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும்தான் தேய்கின்றன. கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 130 கண்ணி சேர்ந்தால் 2.6 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். அந்த நீண்ட செயின் ஓடி ஓடி, தான் மாட்டியிருக்கும் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் சரியாக உட்காராது, பல்லின் மேல் ஏறி ஏறி ஓடிச் சீக்கிரமே தேயும். அதனால் பல்லைப் பாருங்கள். ஒரு பக்கம் கொக்கி மாதிரி சாய்ந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேம் ஸ்ப்ராக்கெட் மேலேயே இருக்கிறது, மாற்றுவது சுலபம். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்மூடியைக் கழற்ற வேண்டும், அது தனி வேலை, தனிக் கூலி. கீழ்ப் பல் நன்றாக இருந்தால் அதை என்ஜின் முழுதாகப் பிரிக்கும் நாளுக்கு விட்டுவிடலாம். கைடுகளும் டென்ஷனரும் அப்படியல்ல, செயின் மாற்றினால் கைக்கு எட்டும் கைடுகளையும் கூடவே மாற்றுங்கள். வருடக்கணக்கில் சூட்டு ஆயிலில் வெந்து இறுகிப்போன கைடு புதுச் செயினின் இறுக்கத்தில் உடைந்தால், அந்தத் துண்டு செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போகும். செயின் ஒரு பல் தாவினால் போதும்: கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் என்றால் அது 18 டிகிரி. இரண்டு மூன்று பல் தாவினால் பிஸ்டன் போய் வால்வை முட்டும். கைடு விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் ஹெட் வேலைக்கு என்ன ஆகும் என்று ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

புது டென்ஷனரை ஆயிலில் அமுக்கி அமுக்கி, காற்று போன பிறகு மாட்டுங்கள். காலியாக மாட்டினால் முதல் ஸ்டார்ட்டில் செயின் தளர்ந்து ஆடும்.

கீழக்கரை: ஒரிஜினல் என்று சொல்லி எதையோ கொடுக்கிறார்கள் அண்ணே. எப்படிப் பார்த்து வாங்குவது?

பாய், பழைய செயினைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். என்ஜின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், வண்டி மாடலை மட்டும் சொல்லாதீர்கள். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு என்ஜினே மாறியிருக்கிறது. கண்ணிகளை ஒரு முனையிலிருந்து எண்ணுங்கள், நாற்பதுக்கு ஒரு முறை சாக்பீஸ் வைத்துக்கொண்டால் தப்பாது.

பெயர் என்று கேட்டால், கோவை எல்ஜிபியின் ரோலான், டிஐயின் டைமண்ட், ஜெர்மனியின் ஐவிஸ் மூன்றும் செயின் தொழிலிலேயே வளர்ந்தவர்கள். ஆனால் அட்டைப்பெட்டியை அச்சடிக்க யாராலும் முடியும், அதனால் அளந்துதான் வாங்க வேண்டும். இந்தச் செயினின் பிட்ச், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம், 9.525 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. செயினை இழுத்துப் பிடித்து, பின்னிலிருந்து பின்னுக்குப் பத்துக் கண்ணி வெர்னியரில் அளந்தால் 95.25 வர வேண்டும். ஒவ்வொரு ரோலரையும் விரலால் சுற்றுங்கள், ஒன்று பிடித்தாலும் திருப்பிக் கொடுங்கள். செயினைப் பக்கவாட்டில் கிடத்தி ஒரு முனையைத் தூக்கினால் விறைப்பாக நிற்க வேண்டும், பழையதைப் போல வில்லாகத் தொங்கக் கூடாது.

ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு துண்டுதான் கீ. ஸ்ப்ராக்கெட்டில் அந்தக் கீ வெட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பழையதோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் கீ வெட்டு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கிட்டத்தட்ட 2 டிகிரி போச்சு. ஒரு முறை நான் பார்க்காமல் வாங்கிய செட்டில் இப்படித்தான் இருந்தது. புதுச் செயின் போட்டும் டைமிங் பின்தங்கியே நின்றது. இரண்டு நாள் என் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உச்சிப்புளி, பட்டறை வைத்திருக்கும் தம்பி: முன்மூடியைக் கழற்றாமல் செயினை ஓட்டிப் போடலாம் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், நானே செய்கிறேன். குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரெஷன் இருக்காது, என்ஜின் லேசாகச் சுற்றும். டென்ஷனரை வெளியே எடு. கேம் ஸ்ப்ராக்கெட்டின் மேலே ஒரு கண்ணியின் பின்னை அரைத்துச் செயினைப் பிரி. பழைய முனையோடு புதுச் செயினைக் கோத்து, ஒருவர் கிராங்கை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் வெளியே வரும் பழைய செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். புதுச் செயின் கேம் ஸ்ப்ராக்கெட்டை விட்டு ஒரு பல்கூட எழும்பக் கூடாது. கடைசிக் கண்ணியை ரிவிட் அடித்து மூடு. கிளிப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

அரைப்பதற்கு முன்னால் சுற்றிலும் துணி அடைத்துவிடு. இளம் வயதில் மண்டபத்தில் ஒரு ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், நான் துணி வைக்காமல் கிளிப் மாட்டினேன். கை வழுக்கிக் கிளிப் செயின் அறைக்குள் விழுந்தது. காந்தம் விட்டுத் தேடியும் வரவில்லை. விடிய விடிய ஆயில் சம்ப்பைக் கழற்றி எடுத்தேன். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தங்கச்சிமடம்: செயின் வேண்டாம், படி வெட்டிய கீ போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர்.

பொய் இல்லை. படி வெட்டிய கீ, அதாவது ஆஃப்செட் கீ போட்டால் கேம் மட்டும் சில டிகிரி முன்னால் வரும், வால்வு டைமிங் சரியாகும். ஆனால் செயினின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும், டென்ஷனரும் தன் எல்லையில் நீட்டிக்கொண்டே நிற்கும். 3, 4 டிகிரிக்கு, செயின் அமைதியாக ஓடுகிறது என்றால் போடுங்கள். 7 டிகிரிக்குக் கீ போட்டு வண்டியை விற்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

ஏர்வாடி: புதுச் செயின் போட்டதிலிருந்து என்ஜின் சம்மட்டியால் அடிப்பது போலத் தட்டுகிறது. செயின் சரியில்லையா?

செயினை விடுங்கள், பம்ப் டைமிங்கைப் பாருங்கள். டீசல் பம்ப்பையும் அதே செயின்தான் ஓட்டுகிறது. செயின் தேயத் தேய டீசல் தாமதமாக விழும், வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும். உங்கள் பழைய மெக்கானிக் அதைச் சரிசெய்யப் பம்ப்பையே கொஞ்சம் முன்னால் திருப்பி வைத்திருப்பார். அன்றைக்கு அது சரி. இப்போது புதுச் செயின் எல்லாவற்றையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது, பம்ப் மட்டும் முந்தி நிற்கிறது. டீசல் சீக்கிரம் விழுந்தால் தட்டும். பம்ப்பைத் தளர்த்தி, உங்கள் என்ஜினுக்கான டிகிரியில் முதல் சிலிண்டருக்குச் சொட்டு முறையில் (பம்ப்பிலிருந்து டீசல் சொட்டுவதைப் பார்த்து) வைத்துவிட்டால் அடங்கிவிடும். அதுவரை பாரம் ஏற்றாதீர்கள்.

தேவிபட்டினம்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

இந்த வண்டிகளில் பாதியில் மீட்டர் ஓடுவதில்லை, என்ன எண்ணைச் சொல்ல? அது இருக்கட்டும். நம் ஊர் வண்டி ஏலம் முடியும்வரை கரையில் என்ஜின் ஓடியபடி நிற்கும், ஐஸ் ஏற்றும்வரை நிற்கும். அந்த நேரம் எந்த மீட்டரிலும் ஏறாது, ஆனால் ஆயிலில் கரி சேரும். அந்தக் கரிதான் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் அரைப்புத்தூள் மாதிரி வேலை செய்கிறது. ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், வருடா வருடம் தடைக்காலத்தில் அந்த டிகிரியை அளந்து டாஷ்போர்டில் எழுதி வையுங்கள்.

மூக்கையூர்: கடல் காற்றில் செயின் துருப்பிடிக்குமா?

என்ஜினுக்குள் ஆயிலில் குளிக்கும் செயினை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. கடை அலமாரியில் வருடக்கணக்கில் தொங்கிய செயினைப் பாருங்கள், பின் தலையில் செம்புள்ளி இருந்தால் வாங்காதீர்கள். நீங்களே ஸ்பேர் வைத்திருந்தால் ஆயிலில் முக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, வண்டிக்குள் இல்லாமல் வீட்டுக்குள் வையுங்கள்.